சிறந்த இயக்குநருக்கு வந்த ஆபத்து

சிறந்த இயக்குநர் விருது தனக்குத்தான் என்று வானொலியில் கேட்டதும் ஸ்ரீசரண் பதறி எழுந்தான். நாளை சேரன்மகாதேவியில் அடுத்த படத்துக்குப் பூஜை. தயாரிப்பாளர் பூதத்தான் வீட்டுக்கு ஓடினான்.

அவர் முகமும் வெளிறியிருந்தது. "விருது வாங்கினவன் படத்துக்கு எவம்லே டிக்கெட் எடுப்பான்?"

"இதுல ஆறு சண்டை இருக்கு அண்ணாச்சி."

"போன படத்துலயும்தான் இருந்துச்சு. பொறவு எப்படிலே விருது குடுத்தானுவ?"

"அதான் எனக்கும் புரியல."

அப்போது மாலையோடு வந்தார், மூன்று வருடமாகப் படமில்லாத இயக்குநர் சாம்பசிவம். "தேர்வுக் குழுவுல ஒத்தை ஆளா நின்னு உமக்காக வாதாடினேன்வே" என்று ஸ்ரீசரண் கழுத்தில் போட்டார்.

பிறகு பூதத்தானிடம் பைய நகர்ந்தார்.

"அண்ணாச்சி, பூஜைய நிறுத்திராதீய. எங்கிட்ட ஒரு கதை இருக்கு."