கஸ்தூரி மஞ்சள்

மகள் அனிஷாவுக்குக் கல்யாணத் தேதி குறித்ததிலிருந்து பிரகாசி கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். கன்னத்திலும் மேலுதட்டிலும் ஆம்பளை மாதிரி முடி.

“மாப்பிள்ளை வீட்டுல பாத்துச் சிரிப்பாவ. இந்த மூஞ்சியோட மகளுக்கு எப்படி நெத்தியில சிலுவை போடுவேன்?” என்று அழுதாள்.

“ஏளா, அழாத. நான் இருக்கேம்லா” என்றார் ரெமிஜியுஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அந்த முரட்டுக் கை, தினமும் காலையில் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து மனைவியின் முகத்தில் தடவியது.

மூன்றே மாதத்தில் முடியெல்லாம் கொட்டி முகம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ரெமிஜியுஸுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே மக்ரூன் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

“நம்ம கல்யாணத்தன்னைக்குப் பாத்த அதே மூஞ்சி! எல்லாம் என் கைராசி.”

பிரகாசி சிரித்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அடுப்படியில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. பேச்சுமூச்சில்லை.

“பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்தினாங்க?” என்றார் டாக்டர்.

“நிறுத்தலையே சார். தெனமும் போடுதேன்னுதான சொன்னா.”

டாக்டர் அவளுடைய முகத்தையே பார்த்தார்.

“வேற எந்த மாத்திரைக்கும் இவங்க பிரஷர் அடங்கலை. அதான் ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரை கொடுத்தேன். அதைச் சாப்பிட்டா முகத்துல முடி வளரும், நிறுத்தினா கொட்டிடும். இவங்ககிட்ட அப்பவே சொன்னேன். முடி கொட்டினதை வீட்டுல யாருமே கவனிக்கலையா?”

தெருவுக்கே மக்ரூன் கொடுத்த மனிதர், மஞ்சள் படிந்த விரல்களை மெல்ல மடக்கி மறைத்துக்கொண்டார்.