ரிலீவர் வரும் வரை

நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்புறம், பலாமர நிழலில் தோழிகள் இருவரும் படுத்திருந்தார்கள். அனல்மின் நிலையப் புகை மேகத்தோடு மேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

"ஹாஸ்டல்ல தனியா இருக்க பயமா இருக்கு" என்று சொல்லி வெண்மதி தமிழ்நிலாவின் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. அன்றிலிருந்து தமிழ்நிலா அவளை விட்டு நகரவேயில்லை.

"நீ போய் கொஞ்சம் தூங்கேன் நிலா."

"அடுத்த ஷிப்டுக்கு மாத்திவிட ரிலீவர் வராம எங்கப்பா மைன்ஸ்ல மெஷினை விட்டு எறங்க மாட்டாரு. நான் மட்டும் உன்னை விட்டுடுவேனா?"

"தெரியும். அதான் பயம்னு பொய் சொன்னேன்."

"பொய்யா?"

"'வாழவே பிடிக்கல'ன்னு உன் நோட்டுல எழுதியிருந்தியே, பார்த்துட்டேன். காலேஜ் கவுன்சிலர் மேடம்கிட்ட சொல்லிட்டேன். நமக்காகக் காத்துகினு இருக்காங்க, வா."

தமிழ்நிலாவின் கண்கள் நிறைந்தன. "அப்ப மூணு நாளா டூட்டி பார்த்தது..."

"நாந்தான். ரிலீவர் வந்தாலும் போவ மாட்டேன்."