சிப்பி திறக்கும் வரை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் சிப்பிக் கூண்டைத்தான் கேட்டார்கள். கால்வாயைச் சுத்தமாக வைக்க எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் சிப்பிக் குஞ்சுகளை வளர்க்கிறோம். குஞ்சுகள் செத்துப்போன வீட்டோடு யாரும் சம்பந்தம் வைப்பதில்லை.

கூண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். ஓடுகள் பளபளத்தன.

"பாசியே காணோமே! குழாய்த் தண்ணியில கழுவினீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீங்கல்லாம் வர்றீங்களேன்னு..." என்று இழுத்தாள் என் அம்மா.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் குஞ்சுகளைக் கொன்றுவிடும்! கூண்டை உடனே கால்வாயில் இறக்கினேன். எல்லாச் சிப்பிகளும் இறுக மூடியிருந்தன. உயிர் இருந்தால் திறந்து மூடும். பெரியவர்கள் காப்பி குடிக்க உள்ளே போனார்கள்.

மாப்பிள்ளை இளம்பரிதி தயங்கியபடி என்னருகே உட்கார்ந்தார். "திறக்கிற வரைக்கும் பேசிட்டிருக்கலாமா?"

பேசினோம். அரை மணியில் ஒரு சிப்பி திறந்தது. என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. பிறகு மற்றவையும் திறந்தன.

"திறந்துச்சாடா?" என்று உள்ளிருந்து அவர் அம்மா கேட்டார்.

"இன்னும் இல்லம்மா," என்றார் அவர்.

நான் மறுக்கவில்லை.