தேங்காய்க்குப் பதில்

"ஐந்நூறு புத்தகம் வேணும்மா."

எழில்மொழி போனைக் காதிலிருந்து எடுத்து, நம்பரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தாள்.

"ஐந்நூறா சார்?"

"ஆமாம்மா. என் பொண்ணுக்குக் கல்யாணம். வர்றவங்களுக்குப் பையில தேங்காய் போட்டுக் குடுக்கறதை ஊரே செய்யுது. நான் நூலக வாசகர் வட்டத் தலைவர் பெரியநாயகசாமி. நானும் தேங்காயைக் குடுத்தா நல்லாவா இருக்கும்? தேங்காய்க்குப் பதில் உங்க புத்தகம். சொந்தமா அச்சடிச்சு விக்கற எழுத்தாளரை நாம தூக்கிவிடலேன்னா வேற யாரு தூக்கிவிடுவாங்க?"

எழில்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காதா பின்னே? ஒன்றரை வருஷத்தில் அவள் புத்தகம் விற்றது நாற்பத்தொன்று. "கையெழுத்துப் போட்டு ஒண்ணு குடேன்" என்று சும்மா வாங்கிப் போனவர்கள் நூறு பேர். தேங்காய்க் கடைக்காரரிடம் போய் யாராவது அப்படிக் கேட்பார்களா?

அவள் சொந்தமாக அச்சடித்ததே ஒரு சண்டையில்தான். ஒரு பதிப்பாளர் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். "ஒரு வரி போனாலும் அது என் புத்தகம் இல்லை" என்று எழுந்து வந்துவிட்டாள். அவள் படித்த பல்கலைக்கழக விடுதி முழுக்க அந்தக் கதை பிரசித்தம்.

அம்மாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. "எழுதியே பொழைச்சுக் காட்டு. ஜூன் வரைக்கும் பாப்பேன். அப்புறம் பி.எட்."

மறுநாளே பெரியநாயகசாமி கூப்பிட்டார்.

"அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்மா. முதல் கதையில ஒரு விதவை வர்றாங்க."

"கதாநாயகியே அவங்கதான் சார்."

"கல்யாண வீட்டுல மொதப் பக்கத்துலேயே வேணாமே."

எழில்மொழி பிடித்துக்கொண்டாள். மூடநம்பிக்கை, பெண்ணடிமை, சமூகம் என்று பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினாள்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார் அவர். "ஆனா கதை வேணாம்."

போகட்டும், இன்னும் பதினொரு கதை இருக்கிறதே என்று எடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் விவாகரத்துக் கதை. "என் தங்கச்சி இருதயம்மாள் படிச்சிட்டு, 'கல்யாணத்தன்னைக்கே பொண்ணுக்கு வழி சொல்லிக் குடுக்கறியா'ன்னு சண்டைக்கு வர்றா."

அதற்கடுத்து, ஓடிப்போகும் காதலர்கள் கதை. "மண்டபத்துக்கு வயசுப் பசங்க வருவாங்கம்மா."

குடிகாரன் கதை. "மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் மனசு சங்கடப்படும்."

ஒவ்வொரு கதைக்கும் எழில்மொழி வாதாடினாள். ஒவ்வொரு வாதத்தையும் அவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு கதையும் போயிற்று.

கடைசியில் 'நடவு' ஒன்றுதான் மிஞ்சியது.

"சம்பந்திக்கு நன்னிலத்துல பெரிய பண்ணைம்மா. கதையில கூலி குடுக்கற எடத்துல ஒருத்தர் வர்றாரே, அவருக்கு சம்பந்தி மாதிரியே மீசை வேற வச்சிருக்கீங்க. பொம்பளைங்க நாத்துப் பறிச்சு, நட்டு முடிச்சு, வரப்புல ஏறுற வரைக்கும் குளுகுளுன்னு இருக்கு. அதோட நிறுத்திக்குவோம்."

"பாதிக் கதையிலயா?"

"மீதியை வெள்ளையா விட்டுடுங்க. புத்தகம் மட்டும் தடிமனா இருக்கணும். பையில ஒரு கனம் வேணும்ல?"

"சார், நீங்க வாசகர் வட்டத்துக்குத் தலைவரா, இல்ல…" எழில்மொழி கத்திவிட்டாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பி.எட். அப்ளிகேஷன் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்டி!"

எழில்மொழி குரலை இறக்கினாள். "பதினேழாம் பக்கத்துலேர்ந்து வெள்ளையா விட்டாப் போதுமா சார்?"

கல்யாணத்தன்று தஞ்சாவூர் மண்டபத்தில் புத்தகத்துக்கு அப்படி ஒரு வரவேற்பு!

"இன்னொண்ணு குடுங்க, பால் கணக்கு எழுதத் தோதா இருக்கு."

"தாள் நல்ல கெட்டி. சின்னவனுக்குப் படம் போட ஆகும்."

அட்டையில் பளபளவென்று 'எழில்மொழி சிறுகதைகள்'. பெரியநாயகசாமி மைக்கைப் பிடித்து, "வாசிக்காத வீடு வீடே இல்லை!" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

எழில்மொழிக்கு நெஞ்சு கொதித்தது. ஒருவராவது, ஒரே ஒருவராவது அந்தப் பதினாறு பக்கத்தைப் புரட்டினாரா?

"ஏம்மா, இதை எழுதுனவங்க நீங்கதானா?"

திரும்பினாள். மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் நாகம்மாள். ஈரக்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைப் பிடித்திருந்தார்.

"ஆமாம்மா. ஏன்?"

"பொறவாசல்ல உக்காந்து படிச்சேன். அந்தக் கண்ணாத்தாள் நாள்பூரா நட்டுட்டு, இடுப்பு ஒடிய வரப்புல வந்து நிக்கிறா. அப்புறம் புரட்டுனா ஒண்ணுமே இல்ல. எம் புத்தகத்துல மட்டும் அச்சு விட்டுப்போச்சோன்னு நாலஞ்சு புத்தகத்தைப் பாத்தேன். எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு." நாகம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குக் கூலி குடுத்தாங்களா, இல்லையாம்மா? நானும் நட்டவதான். அதான் மனசு கேக்கல."

ஒன்றரை வருஷத்தில் எழில்மொழியிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. சொல்ல வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது.

"எழுத்தாளர் எழில்மொழிங்களா? நான் ஷிஃபா, அதிராம்பட்டினம். இப்பத்தான் கல்யாணத்துல உங்க புத்தகத்தை வாங்கிட்டுக் கார்ல போயிட்டிருக்கோம். ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க கடைத் திறப்பு விழாவுக்கு ஆயிரம் வேணும். கிடைக்குமா?"

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று நாகம்மாளுக்குக் கையைக் காட்டிவிட்டு, எழில்மொழி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு கேட்டாள்:

"கோடு போட்டது வேணுமா மேடம், போடாதது வேணுமா?"