மூன்றாவது கரண்டி

ஆக்லாந்தில், தோங்கா தீவுக்காரர்களின் தேவாலயக் கூட்டம் கலைந்த ஞாயிறு மதியம். கொல்லையில் குழிக்குள் மூடிச் சமைத்து இப்போது திறந்த மண்ணடுப்பின் புகை சன்னல் வெயிலில் மிதக்கிறது. இரைப்பையைச் சிறிதாக்கிய அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரமாகும் மெலே, மசித்த சேப்பங்கிழங்கை மூன்றாவது முறை தேக்கரண்டியில் அள்ளி விழுங்கியதும் விக்குகிறாள். அவள் தட்டில் அக்கா லுபே, பழக்கதோஷத்தில், மீனையும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையையும் மலையாகக் குவித்திருக்கிறாள். “விடியக்காலம் எந்திரிச்சு சமைச்சேன்டி. எனக்காக இன்னும் ஒரு வாய்!” மெலே அக்காவின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைக்கிறாள். உள்ளே தூரத்து அலைபோல ஏதோ உருண்டு அடங்குகிறது. “கேக்குதாக்கா? நாப்பது வருசமா வாயே திறக்காதது, இப்பதான் போதும்ங்குது.” மீனை எடுக்க நீண்ட லுபேயின் மறுகை அந்தரத்தில் நிற்கிறது, வயிற்றின் மேலிருக்கும் கை மட்டும் நகராமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.