திரும்பி வரும் டிக்கெட்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் மிச்சப் பல்லும் கொட்டிப்போகட்டும்!

இந்த 1995-லேயே, ஹூஸ்டனில் நடந்தது. விண்வெளி வீரர்களுக்குப் பயண ஏற்பாடு செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சேனாபதி மேனேஜர். ராக்கெட்டையே தன் தோளில் தூக்கிப்போய் மேலே விடுவதுபோல் கோயிலில் அளப்பார். உண்மையில் வேலை, ஃப்ளோரிடாவுக்கு டிக்கெட், ஹோட்டல், வாடகைக் கார்.

அன்று, தனக்குக் கீழே டிக்கெட் போடும் விசாலாக்ஷியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா கூத்து இது? ராக்கெட்ல போயிட்டு வர்றவங்களைக் கூட்டிட்டு வர கவர்ன்மென்ட் பிளேன் இருக்கு. நீ எதுக்கு அவங்க பேர்ல ஆர்லாண்டோ டு ஹூஸ்டன் ரிட்டர்ன் டிக்கெட் போட்டு வீட்டுக்கு அனுப்பற? அப்புறம் நீயே அதைத் திருப்பி வாங்கி கேன்சல் பண்ற?"

"ஃபுல் ரீஃபண்ட் சார். கம்பெனிக்கு நஷ்டமில்ல."

"ஏர்லைன்ஸ்காரன் கமிஷன் குடுக்கறானா?"

"ஐயோ, இல்ல சார்!"

"பின்ன? விண்வெளியில பஸ்ஸை விட்டுட்டா உன் டிக்கெட்ல வருவாங்களா?"

"சொன்னா சிரிப்பீங்க சார்."

"சிரிக்க மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிடுவேன். உன் கிரீன் கார்ட் பேப்பர்ல கையெழுத்து போடறவன் நான்."

அடுத்த வாரம் கிளம்பவிருந்த வீரரின் டிக்கெட்டைத் தானே கேன்சல் செய்தார். விசாலாக்ஷியின் சீட்டைக் கிழிக்கும் கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார். யாரை? அவளையேதான்!

அவள் பாதி அடித்திருப்பாள். அந்த வீரரின் மனைவி உள்ளே வந்தாள். கூடவே கம்பெனி டைரக்டர்.

"இந்தத் தடவை டிக்கெட் வரலையே?" என்றாள் அந்த அம்மாள். "போன தடவை என் பொண்ணு அதைத் தலையணைக்கு அடியில வச்சுட்டுத்தான் தூங்கினா. அப்பாகிட்ட ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, கண்டிப்பா வந்துடுவார்னு. இப்ப அழுதுட்டே இருக்கா."

வெள்ளைக்கார டைரக்டருக்கே கண் கலங்கிவிட்டது. "யாரோட ஐடியா இது?"

விசாலாக்ஷி வாயைத் திறப்பதற்குள் சேனாபதி எழுந்து டையைச் சரிசெய்தார்.

"எங்க ஊர்ல யாரும் 'போறேன்'னு சொல்ல மாட்டோம் சார். 'போயிட்டு வரேன்'தான். அதான் நானே இந்த ஏற்பாட்டைப் பண்ணினேன்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா முழிக்கற? நான் அவ்வளவு தூரம் சொல்லியும் டிக்கெட் போடாம விட்டுட்டியா?"

இதைச் சொன்னது யாரென்று சேனாபதியிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். விசாலாக்ஷியின் கிரீன் கார்ட் பேப்பர் இன்னும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது.