கைப்பிடியில் இரண்டு பூச்சு

அந்த நாற்காலிக்கு ஜப்பானிய முறையில் முதலில் கறுப்பு அரக்கு பூசி, அது காய்ந்தபின் மேலே சிவப்பு அரக்கு பூசியிருந்தார்கள்.

"மேலே யாரோ தடவுற மாதிரி இருக்கே, தம்பி?" என்று கறுப்பு கேட்கும்.

"என்னைத்தான். அடியில கிடக்கிற உனக்கு எதுக்குண்ணே அந்தக் கதை?" என்று சிவப்பு சிரிக்கும்.

வீட்டுக்காரி வேதவல்லி அதில் உட்கார்ந்தாலே கைப்பிடியைத் தடவிக்கொண்டிருப்பாள். வருஷங்கள் போக, அந்த இடத்தில் சிவப்பு தேய்ந்து கறுப்பு வெளியே தெரிந்தது.

ஒருநாள் அவள் பெருவிரல் கறுப்பின்மேல் வந்து நின்றது. கறுப்பு இத்தனை காலம் ஏங்கிய சூடு அது.

ஓரத்தில் மெலிந்து ஒட்டியிருந்த சிவப்பு பயந்துபோனது. "அண்ணே, என்னை மறந்துட்டாளா? விரல் ஏன் அங்கேயே நிக்குது?"

கறுப்பு கொஞ்ச நேரம் அந்தச் சூட்டிலேயே கிடந்தது. பிறகு சொன்னது: "உன்னைத் தேடுது, தம்பி."